சிலையின் முதுகைப் பார்த்துவிட்டு வாருங்கள்

கும்பகோணத்தில் சின்னதாக ஒரு நகைப் பட்டறை வைத்திருக்கிறேன். சாமணமும் அரமும் பிடித்து முப்பத்திரண்டு வருடம் ஆகிறது. கலை வரலாறு நான் படித்ததில்லை. ஒரு பொருளைக் கையில் வாங்கியதும் எங்கே பற்றவைத்திருக்கிறது, எங்கே ராவியிருக்கிறது, எந்த இடத்தில் செய்தவன் சோம்பல் பட்டிருக்கிறான் என்று கண் தானாகத் தேடும். அந்தக் கண்ணோடு சிலைகளையும் ஓவியங்களையும் பார்க்கப் பழகியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தடவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது ஒரு கல்யாணத்துக்கு வந்த இடத்தில். இரண்டு மணி நேரம். திமிங்கல எலும்பு, பழைய காசு, அமராவதிக் கல், மூன்று மாடி செப்புத் திருமேனிகள், எல்லாவற்றையும் பார்த்து முடித்தேன். ஊருக்குத் திரும்பியதும் மனைவி கேட்டாள், "என்ன பார்த்தீங்க?" "நிறைய சிலை" என்றேன். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் வரவில்லை. ஜவுளிக்கடையில் இருநூறு புடவை பிரித்துப் பார்த்தவளுக்கு ஒரு புடவையின் கரைகூட நினைவில் நிற்காதே, அப்படி.

அதிலிருந்து ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஐந்து பொருள். மற்றதெல்லாம் கல்யாண வீட்டில் தூரத்துச் சொந்தத்தைப் பார்ப்பதுபோல ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். உள்ளே போனதும் முதலில் எதன் முன்னாலும் நிற்காமல் முழுக் கூடத்தையும் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். பத்து நிமிடம் போதும். அந்தச் சுற்றில் உங்களை இழுத்தவை எவை என்று பாருங்கள். பிரபலமானவையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அப்புறம் திரும்பி வந்து ஒவ்வொன்றின் முன்னாலும் பத்து நிமிடமாவது நில்லுங்கள். முதல் மூன்று நிமிடம் அலுப்பாக இருக்கும். நான்காவது நிமிடத்தில்தான் ஏதாவது ஒன்று கண்ணில் படத் தொடங்கும்.

விளக்கப் பலகையைக் கடைசியாகப் படியுங்கள். முதலிலேயே படித்தால், "ஓ, பதினோராம் நூற்றாண்டா, சரி" என்று மனசு அடுத்ததுக்குப் போய்விடும்.

போவதற்கு முதல் நாள்

முடிந்தால் முதல் நாளே சுவாமிமலைக்குப் போய் ஒரு சிற்பப் பட்டறையை எட்டிப் பாருங்கள். அங்கே பரம்பரையாக விக்கிரகம் வார்க்கிற ஸ்தபதிகள் இருக்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து பக்கம்தான், டவுன் பஸ்ஸிலேயே போய்விடலாம். தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்து முழு உருவத்தையும் முதலில் மெழுகில் செய்வார்கள். அளவுக்குத் தென்னையோலையின் ஒரு துண்டைத்தான் மடித்து மடித்து வைத்துக்கொள்வார்கள். மெழுகின் மேல் காவிரி வண்டல் மண்ணை நைசாகப் பூசிக் காயவைத்து, அதன்மேல் கனமாக மண் வைத்துக் கம்பி கட்டுவார்கள். சூடாக்கினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகம். ஆறியதும் மண்ணை உடைத்தால் சிலை. அச்சு உடைந்து போவதால் அதே அச்சில் இன்னொன்று எடுக்கவே முடியாது.

நகையில் எங்களுக்கு ஒரு கிராம் மெழுகுக்குச் சுமார் 18 கிராம் தங்கம் பிடிக்கும். வெண்கலத்தில் ஒன்பது மடங்கு வரும். மூன்றடிச் சிலைக்கு மெழுகையே கிலோ கணக்கில் நிறுக்க வேண்டும். அவ்வளவு உலோகத்தை உருக்கி, நடுவில் நிற்காமல் ஒரே ஓட்டமாக ஊற்ற வேண்டும். மோதிரம் வார்க்கும்போது ஒரு காற்றுக்குமிழ் விழுந்தால் நான் உருக்கி மறுபடி செய்துகொள்வேன். சாமிக்கு அப்படி விழுந்தால் மாதக்கணக்கான வேலை போச்சு. இது தெரிந்தபின் சிலைக்கு முன்னால் நிற்பதே வேறு மாதிரி இருக்கும்.

முதலில் நிற்கிற விதம்

தஞ்சாவூர் அரண்மனைக்குள் இருக்கிற கலைக்கூடத்துக்கு அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அங்கே திருவெண்காட்டு ரிஷபவாகனர் இருக்கிறார். முதலாம் ராஜராஜன் காலம். கோயில் கல்வெட்டை வைத்து 1011-ஆம் ஆண்டு என்றும், பக்கத்தில் நிற்கிற தேவி மறு ஆண்டு, 1012 என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். காளை காணாமல் போய்விட்டது. சிவன் மட்டும் கால்மேல் கால் குறுக்கே போட்டு, இல்லாத காளையின் மேல் கையை ஊன்றி நிற்கிறார். தலையில் தலைப்பாகை மாதிரிச் சுற்றிய சடை.

"மாமா, இவர் எதுமேலயோ சாஞ்சு நிக்கிறார்" என்றாள். பலகையைப் படிக்கவில்லை, காளை இருந்தது அவளுக்குத் தெரியாது. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "அப்பா டீக்கடையில வண்டிமேல கை வச்சு இப்படித்தான் நிப்பார்" என்றாள். மச்சானின் ஸ்கூட்டரையும் சிவபெருமானின் காளையையும் அவள் ஒரே நொடியில் முடிச்சுப் போட்டாள். ஒரு ஆசாரி ஆயிரம் வருடத்துக்கு முன்னால் மெழுகில் பிடித்த எடை, காளையே இல்லாதபோதும் இன்னும் அந்தக் கையில் இருக்கிறது.

ஆகவே இது நான் சொல்கிற முக்கியமான வழி: சிலை நிற்பதுபோல் நீங்களும் நின்று பாருங்கள். கூச்சமாக இருந்தால் கூட்டம் நகரும்வரை காத்திருங்கள். எடை எந்தக் காலில் இறங்குகிறது, இடுப்பு எந்தப் பக்கம் தள்ளுகிறது, அதற்கு ஈடாகத் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று உங்கள் முதுகெலும்பு சொல்லும். நான் நின்றபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. அது என் வயசு, சிலையின் குற்றமில்லை.

இன்னொரு விளையாட்டும் உண்டு. கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரல் நகத்தால் சிலையின் முகத்தை, முடிக்கோட்டிலிருந்து மோவாய்வரை, அளந்துகொள்ளுங்கள். அந்த அளவை அப்படியே கீழே இறக்கிக்கொண்டே போனால் பாதம்வரை ஒன்பதை ஒட்டி வரும். முக்கியமான தெய்வங்களுக்கு மொத்த உயரத்தை 124 கூறாகவும், தேவியருக்கு 120 கூறாகவும் பிரித்துச் செய்வது சிற்ப சாஸ்திரக் கணக்கு. கட்டைவிரலுக்கு அந்த நான்கு கூறு தெரியாது. ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது என்பது தெரியும்.

கோயிலில் பார்க்க முடியாதது

இவையெல்லாம் உற்சவ மூர்த்திகள். பீடத்தில் துளைகளும் வளையங்களும் இருக்கும், கழி செருகித் தூக்கிக் கட்டிப் புறப்பாடு போவதற்காக. கோயிலில் பட்டும் மாலையும் கவசமும் சாத்தியபின் முகமும் விரல்களும் தவிர நம் கண்ணுக்கு எதுவும் படாது. முதுகு? குருக்களைத் தவிர யார் பார்த்தார்கள்?

அந்த யாரும் பார்க்காத முதுகை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்க்க நமக்குக் கிடைத்த ஒரே இடம் அருங்காட்சியகம்தான். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம், அட்டிகையை வாங்கியதும் முதலில் திருப்பிப் பார்ப்போம். முன்பக்கத்தை எவனும் அழகாகச் செய்துவிடுவான். பின்பக்கம்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். சிலைக்கும் அதேதான். சிலவற்றைச் சுற்றி வர இடம் இருக்கும். சிலவற்றுக்குப் பக்கவாட்டில் ஒண்டி எட்டிப் பார்க்க வேண்டும். (கண்ணாடிப் பெட்டியாக இருந்தால் நெற்றியில் கவனம். நான் இரண்டு முறை இடித்துக்கொண்டேன், காவலர் சிரிப்பை அடக்கியதைப் பார்த்தேன்.) தலைக்குப் பின்னால் தாமரைப் பூ மாதிரி ஒரு சக்கரம் இருக்கும், சிரச்சக்கரம். அதற்குக் கீழே தோளில் சடைக்கற்றைகள் விழும். இடுப்பில் ஆடையின் முடிச்சு. முதுகெலும்பு ஓடுகிற பள்ளம். ஒரு அம்மன் சிலையில் அந்தப் பள்ளம் இடுப்புவரை இறங்கி, ஆடை தொடங்குகிற இடத்தில் காணாமல் போவதைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றிருக்கிறேன்.

நகைகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் பட்டறையில் சிரிப்பார்கள். கழுத்தணியைப் பார்க்கும்போது வேலைப்பாட்டை விட்டுவிட்டு அது விழுகிற விதத்தைப் பாருங்கள். நல்ல சிலையில் ஆரம் உடம்பின் மேடுபள்ளத்தோடு ஏறி இறங்கும். பூணூல் மார்பிலிருந்து வயிற்றுக்கு வரும்போது ஒரு சின்ன வளைவு எடுக்கும். நூலுக்கு எடை இருப்பது தெரியும். சுமாரான சிலையில் அதே ஆரம் பலகையில் ஒட்டியதுபோல் தட்டையாகக் கிடக்கும். சிவனாக இருந்தால் இரண்டு காதையும் பாருங்கள். பல சிலைகளில் ஒரு காதில் மகர குண்டலம், மறு காதில் தோடு. இடுப்புப் பட்டையின் நடுவில் சிம்ம முகம் இருந்தால், அதன் வாயைத் தேடுங்கள். சுண்டுவிரல் நக அளவு இடத்தில் பல்வரிசை வைத்திருப்பார்கள்.

கோடுகளையும் கவனியுங்கள். மெழுகிலேயே போட்ட கோட்டுக்கு ஓரம் மென்மையாக இருக்கும், நனைந்த மண்ணில் குச்சி போட்டதுபோல. வார்த்தபின் உளியால் வெட்டிய கோடு கூராக இருக்கும். பழைய சோழர் திருமேனிகளில் பெரும்பாலான வேலை மெழுகிலேயே முடிந்துவிட்டது. இன்றைய சிலைகளில் உளி வேலை அதிகம். எது உசத்தி என்று நான் வாய்விட்டுச் சொல்லப் போவதில்லை, சுவாமிமலையில் எனக்கு நண்பர்கள் இருக்கிறார்கள்.

தேய்மானமும் ஒரு செய்தி. நூற்றாண்டுக் கணக்கில் பாலும் சந்தனமும் ஊற்றித் தேய்த்த முகத்தில் மூக்கு மழுங்கி, வாய் ஒரு நிழலாக மட்டும் நிற்கும். மண்ணுக்கடியில் கிடந்தவை பச்சை பூத்திருக்கும், ஆனால் விவரங்கள் கூராகத் தப்பியிருக்கும். திருவெண்காட்டுச் சிலைகள் 1950-களின் தொடக்கத்தில் மண்ணிலிருந்து கிடைத்தவை. போர்க்காலத்தில் யாரோ பத்திரப்படுத்திப் புதைத்தது என்பார்கள். புதைத்தவர் திரும்பி வந்து எடுக்கவில்லை.

அதே தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் கல்யாணசுந்தரர் இருக்கிறார். சிவனும் பார்வதியும் கைப்பிடிக்கிற காட்சி. இரண்டு கையும் சேர்கிற இடத்தில் நில்லுங்கள். தனித்தனியாக வார்த்த இரண்டு உருவம், கை மட்டும் சரியாகப் போய்ப் பொருந்த வேண்டும். எங்கள் தொழிலில் இதற்குப் பொடி வைத்து ஊதுவோம். பொடி என்றால் பற்றவைக்கிற உலோகத்தூள். அவர்களோ ஊதாமலே ஒட்டவைத்திருக்கிறார்கள். பெண்ணின் தலை குனிந்திருக்கிற அளவைப் பாருங்கள். இன்னும் கொஞ்சம் குனிந்தால் அழுவதுபோல் ஆகிவிடும், கொஞ்சம் நிமிர்ந்தால் வெட்கம் போய்விடும்.

எழும்பூரில் இரண்டே இரண்டு

சென்னை அரசு அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கியது. பெரிய வளாகம், மலைத்துப் போகாதீர்கள். செப்புத் திருமேனிக் கூடத்துக்கு நேராகப் போங்கள். நேரம் குறைவாக இருந்தால் திருவாலங்காட்டு நடராசரும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் போதும்.

நடராசருக்குத் திருவாசி இல்லை, காணாமல் போய்விட்டது. அது ஒரு விதத்தில் நமக்கு லாபம். நெருப்பு வட்டம் இல்லாததால் உடம்பின் கோடு நேரடியாகக் காற்றில் தெரிகிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோதன் இந்த நடராசரின் புகைப்படங்களை மட்டும் பார்த்து மயங்கி எழுதிய கட்டுரை 1921-ல், அவர் காலமானபின் வெளிவந்தது. நேரில் அவர் பார்த்ததேயில்லை. நாம் எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போய்விடலாம்.

அர்த்தநாரீசுவரருக்கு மூன்று கை. வலப்பக்கம் சிவனுக்கு இரண்டு, இடப்பக்கம் அம்மைக்கு ஒன்று. ஒரு அட்டையால் ஒரு பாதியை மறைத்துப் பாருங்கள், அப்புறம் மறு பாதியை. வலப்பக்க ஆடை தொடையோடு நின்றுவிடும், இடப்பக்கம் கீழேவரை இறங்கும். பிறகு அட்டையை எடுத்துவிட்டு வயிற்றைப் பாருங்கள். ஆண் முடிந்து பெண் தொடங்குகிற கோடு எங்கே என்று நான் மூன்று தடவை தேடியிருக்கிறேன். ஒட்டு எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பே. இதில் அகப்படவில்லை.

ஓவியம்: பொன் வைத்ததும் வைக்காததும்

ஓவியத்தில் எனக்குப் பயிற்சி குறைவு. ஆனால் தங்கம் தெரியும். அதனால் இரண்டு வகை ஓவியத்தை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்கிறேன்.

ஒன்று, தஞ்சாவூர் ஓவியம். பழைய பேர் பலகைப் படம். பலாப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புப் பொடியும் புளியங்கொட்டைப் பசையும் கலந்து பூசி, நகைகளும் தூண்களும் வரும் இடத்தை மேடாக எழுப்பி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டுவார்கள். இதை நேருக்கு நேர் நின்று பார்ப்பது பாதிப் பார்வைதான். ஓரமாகப் போய்ச் சுவரோடு சாய்ந்தாற்போல் பாருங்கள். மேடு தெரியும், ரேக்கு மடிப்புத் தெரியும். அப்புறம் மெதுவாக இடமிருந்து வலம் நடந்தால் பொன் உங்களோடு சேர்ந்து நகரும். இவை பூஜை அறையில் எண்ணெய் விளக்கு வெளிச்சத்துக்காகச் செய்தவை. டியூப் லைட்டில் தங்கம் செத்துப்போகும். மனசுக்குள் ஒரு அகலை ஏற்றிக்கொள்ளத்தான் வேண்டும். மராட்டியர் காலத்துப் பழைய படம் கிடைத்தால் அதில் கண்ணனைத் தேடுங்கள். வெண்ணெய்ப் பானையோடு கொழுகொழு குழந்தை, பல படங்களில் நீலமே இல்லாமல் வெள்ளைவெளேரென்று இருப்பான்.

இரண்டாவது, ரவி வர்மா (1848–1906). அவர் 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கி அடித்த படங்களின் வழியாகத்தான் லட்சுமியும் சரஸ்வதியும் நம் வீட்டுச் சுவருக்கு வந்தார்கள். அதனால் அசல் எண்ணெய் ஓவியத்தின் முன்னால் நிற்கும்போது "இது நம்ம காலண்டர்தானே" என்று தோன்றும். அங்கேதான் ஏமாந்துவிடக் கூடாது. வளையலுக்கு எவ்வளவு கிட்டே போக விடுவார்களோ அவ்வளவு கிட்டே போங்கள். தங்கமே இல்லை. மஞ்சள், கொஞ்சம் பழுப்பு, ஓரத்தில் கிட்டத்தட்டக் கறுப்பு, ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. கண்ணுக்கு வண்ணச் சேறுதான். நான்கு அடி பின்னால் வாருங்கள், இருபத்திரண்டு காரட். எங்கே பின்வாங்கினால் சேறு பொன்னாகிறது என்று அந்தக் கோட்டை முன்னும் பின்னும் நடந்து கண்டுபிடியுங்கள். நான் தினமும் தேய்த்துப் பளபளக்க வைப்பதை அந்த மனிதர் ஒரு வெள்ளைப் புள்ளியில் முடித்துவிட்டார். கொஞ்சம் பொறாமைதான்.

சில்லறை விஷயங்கள்

காலையில் திறந்ததுமே போங்கள், பள்ளிக்கூடப் பஸ்கள் வருவதற்குள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், பசியில் எந்தச் சிலையும் அழகாக இருக்காது. படம் எடுக்கலாமா என்று டிக்கெட் கொடுக்கும் இடத்திலேயே கேட்டுவிடுங்கள். எடுக்க விட்டாலும் முதல் பத்து நிமிடம் போன் பையிலேயே இருக்கட்டும். ஒரு பென்சிலும் கையளவு நோட்டும் வேண்டும். வரையத் தெரியாவிட்டாலும் ஒரு கை, ஒரு காது, ஒரு முடிச்சு என்று எதையாவது வரையுங்கள். கோணலாக வந்தால் பரவாயில்லை. வரையும்போதுதான் விரல்கள் எத்தனை மடிப்பு மடிந்திருக்கின்றன என்று எண்ணவே தோன்றும். அக்கா மகள் ரிஷபவாகனரின் கையை வரைந்தாள். அதற்குக் கீழே ஸ்கூட்டர் சீட்டையும் வரைந்துவிட்டாள்.

குழந்தைகளோடு போனால் "அழகா இருக்கா?" என்று கேட்காதீர்கள், தலையாட்டிவிட்டு ஐஸ்கிரீம் கேட்பார்கள். "இதுல எது உடைஞ்சு போயிருக்கு?" என்று கேளுங்கள். துப்பறிகிறவர்கள் மாதிரி சுற்றிச் சுற்றி வருவார்கள், காணாமல் போன காளை, திருவாசி, விரல் எல்லாம் அகப்படும்.

அப்புறம், எழும்பூருக்கு வெள்ளிக்கிழமை போய்விடாதீர்கள், வார விடுமுறை. கும்பகோணத்திலிருந்து ராத்திரி ரயிலேறிப் போய், பூட்டிய கேட்டுக்கு முன்னால் பையோடு நின்றவன் சொல்கிறேன்.